பூங்குரல் பூபதியின் சுருதிப்பெட்டி

எங்கள் லாட்ஜின் வரவேற்பு மேசைக்கு மேலே போன மாதம் ஒரு பலகை மாட்டினார்கள். உள்ளே விளக்கு எரிகிற பளபளப்பான பலகை. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று எழுதியிருக்கிறது. மாட்டிய கையோடு முதலாளியின் பேரன் எனக்குப் போன் செய்து வந்து பார்க்கச் சொன்னான். போனேன், பார்த்தேன், சிரித்துவிட்டேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மேசையில் இருந்த புதுப் பிள்ளைகள் இருவரும் எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னால் புரியாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் எதிர்பார்ப்பது வாடிக்கையாளரை மகிழ்விப்பது எப்படி என்கிற பாடம் என்று நினைக்கிறேன். அந்தச் சரக்கு என்னிடம் கிடையாது. இருப்பதை எழுதுகிறேன்.

இது திருநள்ளாறு. இங்கே லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் சனி பிடித்தவர்கள், மீதிப் பேர் பிடிக்கப்போகிறது என்று ஜோசியர் சொல்லி வந்தவர்கள். நஷ்டப்பட்டு, வழக்கில் தோற்று, பெண்ணுக்கு வரன் தகையாமல், எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, இத்தோடு விட்டது என்று ஊருக்குப் புறப்படுகிற மனிதரைப் பார்த்து ‘மீண்டும் வருக’ என்றால் அதற்கு என்ன பொருள்? எங்கள் மானேஜர் வைத்தியலிங்கம் இருந்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றிக் குளத்திலேயே விட்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். காரைக்கால் டவுனில் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, பாண்டிச்சேரி சர்க்கார் என்னைக் கூப்பிடும் என்று காத்திருந்தேன். சர்க்காருக்கு என் விலாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் கிளார்க் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். வைத்தியலிங்கம் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான மனிதர், நெற்றி முழுக்க விபூதி. சட்டைப்பையில் பேனா இருக்கும் இடத்தில் பஞ்சாங்கம் இருக்கும். பெயர் கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. என்ன ராசி என்று கேட்டார். எங்களுக்கு ராசியெல்லாம் பார்க்கிறதில்லை, ஞானஸ்நானம்தான் என்றேன்.

“அப்ப நீதான் சரியான ஆளு. ஒனக்குத் தொத்தாது” என்றார். அன்றே வேலை.

இதற்கு முன்னால் அங்கே இருந்த கிளார்க்குகள் ஒவ்வொரு சனிப் பெயர்ச்சிக்கும் பயந்துபோய் வேலையை விட்டு ஓடியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. என் அம்மாவுக்கும் பயம்தான். தாயத்து மாதிரி ஒரு அந்தோணியார் சுரூபத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்டாள். கறுப்புக் கயிறு சனீஸ்வரனுக்கும் உகந்தது என்று வைத்தியலிங்கம் திருப்தியடைந்தார்.

அவரிடம் தொழில் கற்பது கஷ்டமில்லை. மூன்றே மூன்று விஷயங்களில்தான் அவர் கறார். ஒன்று, தங்க வந்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. பெயர்ப் பதிவேட்டோடு பெயர் சரி. அதற்குப் பிறகு எல்லோரும் ராசிதான். “மேல் மாடி மகரம் பாயசம் வேணும்னு கேக்குது”, “கீழே கடகத்துக்குப் பல்லு வலி, மாத்திரை வாங்கிக் குடு” என்பார். ஒரு கலெக்டர் வந்து தங்கினார், அவரும் தனுசுதான். இங்கு வருபவன் தன் பெயரை மறக்கத்தான் வருகிறான், நாம் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும் என்பது அவர் கட்சி. யாராவது பிரபலம் வந்தாலும் அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கெட்ட நேரத்தில் இருக்கிறவனைத் தெரிந்தவன் பார்த்துவிட்டால் அது இன்னொரு கெட்ட நேரமாம்.

இரண்டாவது, விடைகொடுப்பது. ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லவே கூடாது. வெறுமனே ‘போங்க’ என்றால் விரட்டுவதுபோல ஆகிவிடும். அதனால் கைகூப்பி ‘நல்லதுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு, உடனே சாவிப் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். வாய் பழக ரொம்ப நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்த சித்தப்பாவிடம் ஒருமுறை பழக்கதோஷத்தில் ‘நல்லதுங்க’ என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். அவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

மூன்றாவது, விட்டுப்போன பொருள். இதுதான் எங்கள் தொழிலின் கடினமான பாகம். வேறு ஊர் லாட்ஜில் ஒருவர் துண்டை மறந்துவிட்டுப் போனால் ஓடிப்போய்க் கொடுப்பார்கள். நல்ல பேர் கிடைக்கும். இங்கே அவர் மறந்துவிட்டுப் போனாரா, தெரிந்தே விட்டுவிட்டுப் போனாரா என்று எப்படித் தெரியும்? வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு விருச்சிகம் நல்ல குடையொன்றை அறையில் விட்டுவிட்டுப் போயிற்று. நான் மழையில் நனைந்துகொண்டே ஓடி, பஸ் புறப்படுமுன் அவர் மடியில் அதை வைத்தேன். அவர் பாம்பைப் பார்த்ததுபோலக் குதித்தார். பங்காளியோடு வழக்கு நடந்த நாட்களில் கோர்ட்டுக்குக் கொண்டுபோன குடையாம். பஸ்ஸை விட்டு இறங்கி, மறுபடியும் குளத்தில் முழுகி, மறுபடியும் அறை கேட்டு, வாடகை தர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வைத்தியலிங்கம் அறையைக் கொடுத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் எப்போதும் திட்ட மாட்டார். அன்றும் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டே விதியைச் சொன்னார். விட்டுப்போன எதையும் பின்கட்டு அறை மூலையில் வை. கேட்டு வந்தால் மறந்தது. கேட்டு வராவிட்டால் விட்டது. நாமாக முடிவுகட்டக் கூடாது. அந்த மூலைக்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் சனி மூலை. அங்கே செருப்பு, கண்ணாடி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒரு முறை பல்செட் கூட இருந்தது. பல்செட்டைக் கேட்டு யாரும் வரவில்லை.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்களில் பூங்குரல் பூபதி என்று ஒரு பாடகர் இருந்தார். இப்போது பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அப்போதும் அநேகமாக அப்படித்தான். வானொலியில் மெல்லிசைப் பாடல்கள் பாடுவார். சினிமாவிலும் சில பாடல்கள் உண்டு. கதாநாயகன் நடுவில் நின்று வருத்தப்படும்போது தூரத்தில் யாரோ வண்டிக்காரன் பாடுவான் அல்லவா, அந்த வண்டிக்காரன் குரல் இவருடையது. குரலுக்கு அப்படி ஒரு மென்மை. அதையே ஊரில் எல்லோரும் குறை சொன்னார்கள். சலூனில் அவர் பாட்டு வந்தால் ஸ்டேஷனை மாற்றுவார்கள். பாடுகிறாரா, இல்லை டாக்டரிடம் வயிற்றுவலி சொல்கிறாரா என்று என் நண்பர்கள் கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த என் மாமா சாயங்காலம் கிளாஸோடு உட்கார்ந்து, அதே மாதிரி கிசுகிசுக்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவரின் இசைத்தட்டைக் கண்மூடிக் கேட்பார். பிரெஞ்சில் கிசுகிசுத்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தமிழில் கிசுகிசுத்தால்தான் இவனுக்குச் சாப்பாடு போடவில்லையா என்பார்.

எனக்கு ஏன் பிடித்தது என்றால், எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள். சத்தம் போட்டால்தான் சோறு வரும். லாட்ஜில் மணி அடித்துக் கூப்பிடுவார்கள். பூபதி ஒருவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, மெதுவாகப் பேசினார். அப்படித்தான் எனக்குத் தோன்றும். கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை நிலையத்திலிருந்து இரைச்சலோடு வரும் அவர் குரலைக் கேட்க ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கிடப்பேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது.

அந்த ஆசையை ஒருமுறை வேலையிலும் காட்டினேன். அதிகாலையில் யாத்திரிகர்களை எழுப்ப வரவேற்பறையில் ஒரு பக்திப் பாட்டு இசைத்தட்டு போடுவது வழக்கம். அது கீறல் விழுந்து ஒரே இடத்தில் நின்று கூவ ஆரம்பித்தபோது, நான் வாங்கி மாமா வீட்டில் வைத்திருந்த, பூபதி பாடிய பக்திப் பாட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். அன்றைக்கு லாட்ஜில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. ஈரோட்டுச் சிம்மம் ஒன்று அபிஷேகத்தைத் தவறவிட்டுவிட்டு வந்து மேசையில் குத்தியது. வைத்தியலிங்கம் தட்டை உறையில் போட்டு என்னிடம் திருப்பித் தந்தார். “இது எழுப்புற பாட்டு இல்ல சூசை. போத்தி விடுற பாட்டு” என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கணவன் மனைவி இருவர் வந்தார்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்த ஜிப்பா, கையில் துணிப்பையில் சுற்றிய ஒரு பெட்டி. அந்த அம்மாதான் பேசினார்கள், அந்த அம்மாதான் பதிவேட்டில் எழுதினார்கள். சண்முகம் என்று பேர். வைத்தியலிங்கம் ராசி கேட்டார். கன்னி என்றார்கள். ஜன்மச் சனி. மேல் மாடியில் கடைசி அறை கொடுத்தோம். நான் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. “தம்பி, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குங்களா?”

அவ்வளவுதான் கேட்டார். வெந்நீரை அப்படிக் கேட்கிற ஆள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்ந்தே பூங்குரல் பூபதி ஒருவர்தான் இருக்க முடியும். பதிவேட்டில் எழுதிய சண்முகம் சொந்தப் பேராக இருக்க வேண்டும். வைத்தியலிங்கம் தலை நிமிராமல், “மேல கன்னி வெந்நீர் கேக்குது, காதுல விழலியா” என்றார். நான் விறகு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாய்லரிலிருந்து வாளியை நிரப்பிக்கொண்டு ஓடினேன். காலில் சிந்தி, கொப்புளம் வந்தது. நான் அடையாளம் கண்டது மானேஜருக்குத் தெரிந்தால் தொலைந்தேன் என்று வாயைத் திறக்காமல் வாளியை வைத்துவிட்டு இறங்கினேன்.

அந்த அம்மா என்னை மாடிப்படியில் மறித்தார்கள். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது போலும்.

“நீங்க அவரு பாட்டு கேப்பீங்களா தம்பி?”

ஆமாம் என்று தலையாட்டினேன். யாராவது ஒரு ரசிகன் என்றால் மனைவிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். “ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன். அவர உற்சாகப்படுத்திராதீங்க.”

பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார்கள். சினிமாவில் கூப்பிட்டு ரொம்ப காலம் ஆயிற்று. வானொலியும் எப்போதாவதுதான். கச்சேரிக் கோஷ்டிகளோடு ஊர் ஊராகப் போகிறார். மேடையில் இவர் பாட ஆரம்பித்தால் ஜனம் சோடா குடிக்க எழுந்து போகிறது. போன திருவிழாவில் ஒருவன் கல்லை விட்டெறிந்திருக்கிறான். மாயவரத்தில் அந்த அம்மாவின் அண்ணன் அரிசி மண்டி வைத்திருக்கிறார். அங்கே கணக்கு எழுத இவரைக் கூப்பிடுகிறார். பாட்டை விட்டுவிட்டு வருவதானால் வரட்டும், பாதி நாள் கச்சேரி என்று ஓடுவதானால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் சனிக்கிழமை குளத்தில் முழுகி எழுந்தால் பாட்டை அதோடு விட்டுவிடுவதாக இவர் வாக்குக் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்.

“யாராச்சும் ஒருத்தர் ஒங்க பாட்டு நல்லாருக்குன்னா போதும். அத வச்சுக்கிட்டே நாலு வருஷம் ஓட்டிருவாரு. எங்களால முடியல தம்பி” என்றார்கள். அதில் அழுகைகூட இல்லை. களைப்புத்தான் இருந்தது.

நான் சரிங்கம்மா என்று சொன்னேன். நிஜமாகவே அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன். மானேஜரின் விதியும் அதுதான், அந்த அம்மாவின் வேண்டுகோளும் அதுதான். ஆனால் மறுநாள் காலையோடு பூபதி பாட மாட்டார். இத்தனை வருஷம் ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கிடந்தவன், மேல் மாடியில் அவர் இருக்கும்போது கீழே சாவி எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா? சாப்பாட்டுக்குப் பிறகு லாட்ஜே படுத்துத் தூங்கும் நேரம். அந்த அம்மா மறுநாளைக்கு வேண்டிய நல்லெண்ணெயும் எள்ளும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு மாடி ஏறினேன். உற்சாகப்படுத்தக் கூடாது, அவ்வளவுதானே. காபி கொடுக்கலாம்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி பக்கத்தில் இருந்தது. காபியை வாங்கிக்கொண்டு, நான் கேட்கவில்லையே என்றார். அந்தக் குரலை மறுபடி கேட்டதும் எல்லாம் உடைந்துவிட்டது. “ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்து, ரேடியோ, மாமா, இசைத்தட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். முகம் சின்னப் பிள்ளை முகமாக மாறிக்கொண்டே வந்தது. என் பாட்டில் உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. ஒரு ஓடக்காரன் அக்கரையில் விளக்கு எரிவதைப் பார்த்துப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. அதற்காகவே எத்தனையோ ராத்திரி விழித்திருந்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“அது நான் பாடுனது இல்லீங்களே தம்பி” என்றார்.

எங்கள் ஊரில் கடல்காற்று வீசும்போது இலங்கை நிலையம் இரையும். பாட்டு விழும், பாடியவர் பேர் சொல்லும்போது இரைச்சல் மூடிக்கொள்ளும். மென்மையாக ஒரு குரல் கேட்டால் அது பூபதி என்று நானாகவே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கிருந்த ஒரே ரசிகனும் வேறு ஆளுடைய ரசிகன். இனி நான் உற்சாகப்படுத்திவிடுவேன் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. தரையில் ஓட்டை இருந்தால் அதற்குள் போயிருப்பேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டைப் பாடியவர் நல்ல மனுஷன், பாட்டும் நல்ல பாட்டு என்று எனக்கே ஆறுதல் சொன்னார். நான் கண்ணில் நீரோடு, உங்கள் பாட்டு ஒன்றை இப்போது பாடுங்கள், இனிமேல் தப்பாகச் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு பையை அவிழ்த்தார். உள்ளே இருந்தது சுருதிப்பெட்டி. ஓரமெல்லாம் தேய்ந்து, கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கயிறு கட்டியிருந்தது.

“அந்தக் காத்தாடிய நிறுத்துங்க” என்றார்.

நிறுத்தினேன். சித்திரை வெயிலில் மேல் மாடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றாடி ஓடினால் அவர் குரல் கேட்காது. சுருதி மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தது. மழை விட்ட பிறகு இலையிலிருந்து சொட்டுகிற நீரைப் பற்றி ஒரு பாட்டு. அதுவரை நான் கேட்டதில்லை. இருவருக்கும் வியர்வை ஊற்றியது. அவர் கண்ணைத் திறக்காமல், கட்டிலை விட்டு நகராமல், முழுப் பாட்டையும் பாடினார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பாட்டைக் கேட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். யார் பாடியது என்பதிலும் இந்த முறை சந்தேகமில்லை.

முடிந்ததும் திரும்பினேன். வாசலில் வைத்தியலிங்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது, அவர் விபூதி வியர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்தது. பூபதியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேசைக்கு வந்து, மின்விசிறியைப் போட்டு, அதன் கீழ் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா காத்தாடிய நிறுத்திட்டுல்ல கேக்கணும். எவன் நிறுத்துவான்?” என்றார். பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் விடியும்போது அவர்கள் குளத்துக்குப் போனார்கள். போனது பழைய ஜிப்பா, வந்தது புது வேட்டி சட்டை. அவர் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகாமல் இருந்தது. நான் வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். கோயிலுக்குப் போய்த் திரும்பி, அறையைக் காலி செய்துவிட்டு இறங்கினார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று நம்பினார்கள் போலிருக்கிறது. நான் கைகூப்பி, நல்லதுங்க என்று சொல்லிச் சாவிப் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அந்த வழக்கம் எனக்கு ரொம்ப உபகாரமாக இருந்தது.

பிறகு அறையைப் பார்க்கப் போனேன். கட்டில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சுருதிப்பெட்டி இருந்தது, பையோடு.

தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். வைத்தியலிங்கம் அதைப் பார்த்தார். மூலையில் கொண்டுபோய் வை என்றார். இது குடை இல்லை சார், இது இல்லாமல் அவர் எப்படிப் பாடுவார் என்றேன். பாடக் கூடாது என்றுதானே வந்தார்கள் என்றார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருவேளை அவர் விட்டுவிட நினைக்கவில்லை, அந்த அம்மா வேண்டுமென்றே கட்டிலுக்குப் பின்னால் தள்ளியிருந்தால்? ஒருவேளை அந்த அம்மாவுக்குத் தெரியாது, அவரே குளத்தில் விட மனமில்லாமல் இங்கே விட்டிருந்தால்? ஒருவேளை நிஜமாகவே மறந்திருந்தால்? நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் பஞ்சாங்கத்தை மூடினார்.

“கேட்டு வந்தா மறந்தது. வரலன்னா விட்டது. அதுக்குள்ள நீ ஏன் முடிவு கட்டுற?”

நான் முடிவு கட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவ்வளவுதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னால் விட்டுவிடுவேன். வேண்டும் என்றால் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் எள்ளுப் பொட்டலக்காரர்களையும் பிச்சைக்காரர்களையும் இடித்துக்கொண்டு போனேன். மாயவரம் பஸ் நிறைந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டி, நின்ற இடத்தில் நடுங்குகிற வண்டி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்த அம்மா.

ஜன்னலுக்குக் கீழே நின்று பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். ஜன்னலில் குறுக்குக் கம்பி, உள்ளே கொடுக்க வழியில்லை. வேண்டுமென்றால் இறங்கி வர வேண்டும், அல்லது நான் ஏற வேண்டும். வேணுங்களா ஐயா என்று கத்தினேன். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா பெட்டியையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

அவர் கம்பியில் நெற்றி படும்படி குனிந்து எனக்கு ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை இல்லை, இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். நிதானமாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். உதடு அசைவது தெரிந்தது. நடத்துநர் விசில் ஊதினார், வண்டி உறுமியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“கேக்கலீங்க ஐயா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்று கத்தினேன்.

அவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இசையமைப்பாளர்கள், கச்சேரிக்காரர்கள், கல்லெறிந்தவன், எல்லோரும் இதையே சொல்லக் கேட்டுப் பழகிப்போன மனிதர் சிரிக்கிற சிரிப்பு. வண்டி நகர்ந்தது. அவர் மறுபடி சொல்லவில்லை.

சனி மூலையில் கொண்டுபோய் வைத்த பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. விதிப்படி பார்த்தால் அது விட்டது. ஆனால் நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை மாடிப்படியில் யாராவது மெதுவாகப் பேசினால் எழுந்து நின்றுவிடுவேன். அவர் மண்டிக்குப் போனாரா, பாடினாரா என்பது எனக்குத் தெரியாது. ஊரெல்லாம் அந்த மனிதரிடம் கேட்டதையே அவருடைய ரசிகனும் கேட்டான் என்பது மட்டும் தெரியும்.